விரலா... கிடாரா?

லியோ ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது.

நம்ப மாட்டீர்கள். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று உலகத்தின் மிகப் பிரபலமான இரண்டு எலெக்ட்ரிக் கிடார்களை உருவாக்கிய மனுஷன். கலிஃபோர்னியாக்காரர். கல்லூரியில் படித்தது அக்கவுன்டன்சி. நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு எழுதியிருக்கிறார். அப்புறம் வேலை போய், 1938-ல் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். எல்லாம் அந்தக் கடையில் ஆரம்பித்ததுதான்.

நானும் பி.காம். எனக்கும் கிடார் வாசிக்கத் தெரியாது. அவருக்கும் எனக்கும் ஒற்றுமை அத்தோடு சரி. ஆனாலும் அந்தத் தைரியத்தில் இந்த வாரம் ஒரு காரியம் செய்யப் போகிறேன். ஓர் எலெக்ட்ரிக் கிடார் நல்லதா, மட்டமா என்று எப்படி எடை போடுவது? வித்வான்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். பிள்ளைக்கோ தம்பிக்கோ முதல் கிடார் வாங்கித் தரப்போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது.

2019. அக்கா பையன் ப்ளஸ் டூ முடித்திருந்தான். நல்ல மார்க். கிடார் கேட்டான். கடைக்கு என்னையும் இழுத்தான். "நீங்க வாங்க மாமா. பத்திரிகைல எழுதறவரு, உங்களை யாரும் ஏமாத்த முடியாது" என்றான். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே போனேன்.

கடையில் சுவர் முழுக்கக் கிடார்கள். ஏ.ஸி. ஜில்லென்று. விற்பனைப் பையன் ஒரு சிவப்புக் கிடாரை இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் சொருகி, ஏதோ இரண்டு பட்டனைத் தட்டிவிட்டு வாசித்தான் பாருங்கள்... கோயில் மண்டபத்தில் வாசித்த மாதிரி கார்வை. "சவுண்டு எப்படி சார்?" என்றான். "பிரமாதம்" என்றேன். என் கையில் கொடுத்தான். கனமாக இருந்தது. கனமாக இருந்தால் நல்ல பொருள் என்பது எங்கள் வீட்டில் பித்தளைப் பாத்திரக் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. பளபளப்பாகவும் இருந்தது. பதினோராயிரம் ரூபாய். பில் போடச் சொன்னேன்.

எட்டே மாசம். கிடார் பீரோ மேல் ஏறிவிட்டது. என்னடா என்றால், "விரல் வரலை மாமா. எஃப் கார்டு பிடிக்கவே முடியலை. எனக்கு இது செட் ஆகாது" என்றான். விரல் நுனியைக் காட்டினான். கம்பி பதிந்து கன்றிப்போயிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? விடாமுயற்சி பற்றி அரை மணி நேரம் லெக்சர் அடித்தேன். அந்த லெக்சரை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஞ்ஞானம். பயப்படாதீர்கள், ஸ்கூலில் படித்ததுதான்.

எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகளுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் பிக்அப். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் ஆடும். சுருளில் மின்சாரம் பிறக்கும். நம்ம ஃபாரடே! அந்தத் துளியூண்டு மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் பெரிசாக்கி ஸ்பீக்கரில் விடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்அப் என்பது மைக் இல்லை. மரத்தின் நாதத்தைக் கேட்பது அதன் வேலையே இல்லை. கம்பியின் ஆட்டத்தைத்தான் பார்க்கிறது.

வீணைக்குப் பலாமரம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது ஜீரணமாகாது. கிடார் விமரிசனம் எழுதுகிறவர்களுக்கும் ஜீரணமாவதில்லை. 'மரத்தின் கதகதப்பு', 'வெண்ணெய் மாதிரி வழுக்கும் ஓசை' என்று பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். ஹோட்டல் விமரிசனமா, கிடார் விமரிசனமா என்று சந்தேகம் வந்துவிடும்.

லெஸ் பால் என்ற கிடார் மேதை 1940 வாக்கில் ஒரு வேலை செய்தார். நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம் பைன் மரக்கட்டை ஒன்றில் கம்பி கட்டி, பிக்அப் வைத்து வாசித்தார். அந்தக் கட்டைக்கு 'லாக்' என்றே பெயர். ஜனங்கள் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு பழைய கிடாரை இரண்டாக அறுத்துக் கட்டையின் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டினார். வெறும் அலங்காரம். இப்போது எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது! ஜனங்கள் கண்ணால்தான் கேட்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார்.

எண்பது வருஷம் கழித்து, 2021-ல், அமெரிக்காவின் நாஷ்வில்லைச் சேர்ந்த ஜிம் லில் என்ற கிடார் கலைஞர் ஒரு படி மேலே போனார். விலை உயர்ந்த கிடார் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகமாக மாற்றி மாற்றிப் பதிவு செய்து பார்த்தார். கடைசியில் கிடாரே வேண்டாம் என்று இரண்டு மேஜைகளுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டினார். அதே பிக்அப், கம்பியிலிருந்து அதே உயரம், அதே இடம். கீழே மரமே இல்லை, காற்று. வந்த ஓசை விலை உயர்ந்த கிடாரின் ஓசையோடு ஒட்டிப் போயிற்று. வீடியோவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மரத்துக்கு எந்தப் பங்குமே கிடையாது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. கிடார் செய்கிற கைவினைஞர்கள் பலர் சண்டைக்கு வருவார்கள். ஆனால், கடையில் உங்கள் காதில் விழுகிற ஓசையில் பெரும்பங்கு பிக்அப், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், வாசிக்கிற கை இவற்றுடையது. இவற்றில் முதல் அயிட்டத்தைத்தான் நீங்கள் கிடாரோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள். நான் 'பிரமாதம்' என்று சொன்ன அந்த மண்டபக் கார்வை கடைக்காரருடைய ஆம்ப்ளிஃபயருக்குச் சொந்தம்.

அப்படியானால் கூடுதல் விலை எதற்குத் தருகிறோம்? இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. காஸ்ட் அக்கவுன்டிங் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒரு கிடாரின் உடலை வெட்டுவது கம்ப்யூட்டர் சொல்படி கேட்கும் இயந்திரம். மலிவுக் கிடாரையும் அது கச்சிதமாகத்தான் வெட்டுகிறது. இயந்திரத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது. பெயின்ட்டும் பளபளக்கும். பின்னே எங்கே மிச்சம் பிடிப்பார்கள்? இரண்டு இடத்தில். ஒன்று, சாவி, ஸ்விட்ச் மாதிரி சில்லறைச் சாமான்கள். இன்னொன்று, ஒரு மனுஷன் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஃப்ரெட்டின் ஓரத்தைத் தேய்ப்பது, கம்பியின் உயரத்தைச் சரிசெய்வது, கடைசியாக ஒரு தடவை வாசித்துப் பார்ப்பது. பளபளப்பு கண்ணுக்குத் தெரியும். இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. அதனால் கத்தரி அங்கேதான் விழும்.

ஆக, ஒரு கிடாருக்கு இரண்டு கணக்கு. கட்டுமானம் ஒரு கணக்கு, ஓசை ஒரு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால் குழப்பம்தான். முதல் கணக்கைப் பார்க்க வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. கண்ணும் கையும் போதும்.

முதலில் கழுத்து. தச்சர் பலகையை ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, அப்படித் தலைப்பக்கத்திலிருந்து நீளவாக்கில் பாருங்கள். கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிக லேசான குழிவு இருக்கலாம். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடம் இருந்தால் சரி. அதிகம் என்றால் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கல் அப்படிச் சரியாகாது.

இரண்டாவது, கழுத்தின் இரண்டு விளிம்பிலும் விரலை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டைகளின் முனை அரம் மாதிரி குத்தினால், உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையை யாரும் செய்யவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, உயரம். 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே தடிக் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? 2 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் சுகம். 3-ஐத் தாண்டினால் கற்றுக்கொள்கிற பிள்ளைக்குத் தண்டனை. அதேபோல, தலைப்பக்கம் கம்பிகள் வந்து உட்காரும் சின்னப் பட்டை. அதற்கு 'நட்' என்று பெயர். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பி அதைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். நன்றாக எழும்பி நின்றால் நட்டின் பள்ளம் சரியாக வெட்டப்படவில்லை. இந்த 'நட்'டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

நாலாவது, ஆம்ப்ளிஃபயரில் சொருகாமலே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மீட்டுங்கள். பொறுமை வேண்டும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். எங்காவது 'கிர்' என்று அதிர்ந்தாலோ, 'டொப்' என்று செத்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, போனில் சுருதி பார்க்கிற ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். கம்பியைத் திறந்து மீட்டினால் வருகிற ஸ்வரமே 12-வது ஃப்ரெட்டிலும் வர வேண்டும், ஒரு ஸ்தாயி மேலே. விலகினால் பிரிட்ஜில் சரிசெய்துதரச் சொல்லுங்கள். அப்புறம் கம்பியை நாலைந்து தடவை நன்றாக வளைத்து இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். சுருதி ஓடிவிட்டால் கம்பி புதுசா என்று கேளுங்கள். பழகின கம்பியும் ஓடினால் சாவியிலோ நட்டிலோ கோளாறு.

கடைசியில்தான் ஓசை. ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற அலங்காரம் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். எதிரொலி வேண்டாம், கரகரப்பு வேண்டாம். வெறும் கிடார். குமிழ்களைத் திருப்பினால் பொரிகிற சத்தம் வருகிறதா? வயர் சொருகிய இடத்தை ஆட்டினால் விட்டுவிட்டுக் கேட்கிறதா? டியூப் லைட் பக்கத்தில் நின்றால் 'ம்ம்ம்' என்று இரைகிறதா? ஒற்றைச் சுருள் பிக்அப் என்றால் இரையும், அது அதன் பிறவிக் குணம். அந்த இரைச்சலைக் கொல்வதற்காகவே 1950-களில் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் இரட்டைச் சுருள் பிக்அப் செய்தார். ஒரு சுருள் வாங்கும் இரைச்சலை இன்னொன்று கழித்துவிடும். வரவும் செலவும் தட்டிப்போகிற மாதிரி.

பிறகு, ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். மெதுவாக மீட்டினால் மெதுவாகவும், அழுத்தினால் அழுத்தமாகவும் பேசுகிறதா? ஆறு கம்பியும் சமமாகப் பேசுகிறதா? நல்ல கிடார் கைக்குக் கட்டுப்படும். மட்டமானது எப்படித் தொட்டாலும் ஒரே குரலில் கத்தும். இதற்கு மேல் உங்கள் இஷ்டம். எனக்குப் பிடித்த குரல் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

'இவ்வளவு எதுக்கு சார், பெரிய கம்பெனிப் பேர் பார்த்து வாங்கினா போச்சு' என்கிறீர்களா? ஃபெண்டர் கதையையே எடுத்துக்கொள்வோம். வாசிக்கத் தெரியாத லியோ, வாசிக்கிறவர்களை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்தவர். கட்டையின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்றார்கள். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்த இடத்தை வளைவாகச் செதுக்கிவிட்டார். கழுத்தை ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு மாட்டினார். கெட்டால் கழற்றி மாற்றலாமே! ரேடியோ ரிப்பேர்காரர் புத்தி.

1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். எழுபதுகளில் தயாரிப்பு எண்ணிக்கை ஏறியது, தரம் சரிந்தது. 1971-ல் கழுத்தைப் பிடிக்கிற ஸ்க்ரூ நாலிலிருந்து மூன்றானது. இன்றைக்கும் எல்லோரும் அந்த மூன்று ஸ்க்ரூவைத்தான் திட்டுகிறார்கள். பாவம், ஸ்க்ரூ என்ன செய்யும்? கழுத்து உட்காரும் பள்ளம் கச்சிதமாக இருந்தால் மூன்றே போதும். லொடலொட என்று இருந்தால் நாலும் பற்றாது. 1985-ல் அந்தக் கம்பெனியை அதன் ஊழியர்கள் அடங்கிய குழு ஒன்று வாங்கியது. விலை, 1 கோடியே 25 லட்சம் டாலர். இருபது வருஷம் கழித்து, வாங்கின விலைக்கும் கீழே! ஃபுல்லர்ட்டன் ஃபேக்டரி அந்த விலையில் சேரவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் பாலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒரு வரி எழுதுவோமே, அது எப்படிக் கரையும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் காலேஜில் படிக்கவில்லை.

உடனே 'சி.பி.எஸ். காலத்துக் கிடார் எல்லாம் குப்பை' என்று முடிவு கட்டாதீர்கள். 1969-ல் உட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தாரே, அந்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1968-ல் செய்தது. சி.பி.எஸ். காலத்துச் சரக்கேதான்! பெயரும் வருஷமும் தீர்ப்பு சொல்லாது. கையில் இருக்கிற அந்த ஒரு கிடார்தான் சொல்லும்.

எரிக் கிளாப்டனுக்கு இது தெரிந்திருந்தது. 1970-ல் நாஷ்வில்லில் ஒரு கடையில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். மிச்ச மூன்றையும் கழற்றிப்போட்டு, இதில் கழுத்து, அதில் உடல் என்று தேறினதைப் பொறுக்கி ஒரே கிடாராகக் கட்டினார். பெயர் 'பிளாக்கி'. 2004-ல் அது ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. கிளாப்டனைப் பெரிய வாசிப்பாளர் என்பார்கள். நான் பெரிய விமரிசகர் என்பேன்.

அதற்கு நேர் எதிர் முனையில் குயீன் குழுவின் பிரையன் மே. 1963-ல், பள்ளிக்கூட வயசில், அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிடார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல்பலகை. உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங். கழுத்துப் புள்ளிகளுக்கு அம்மாவின் சட்டைப் பொத்தான். செலவு சுமார் எட்டு பவுண்டு. ஆனால் வேலை இரண்டு வருஷம்! கம்பெனிப் பெயர் இல்லை, விலை இல்லை, விசேஷ மரம் இல்லை. உட்கார்ந்து செய்த வேலை மட்டும் இருந்தது. 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில் நின்று அவர் வாசித்தது அந்தக் கிடாரைத்தான்.

இப்போது நம்ம வீட்டு பீரோவுக்கு வருவோம்.

2024-ல் அக்கா வீடு வெள்ளையடித்தார்கள். கிடார் கீழே இறங்கியது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, வாத்தியம் ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனேன். இத்தனூண்டு கடை. கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தார். கடையில் நான் செய்திருக்க வேண்டியதெல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இதை வாசிச்ச புள்ள கை ரொம்ப வலிக்குதுன்னு சொல்லியிருக்குமே?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"கிடார் மோசமில்ல சார். ஆனா கடைசி வேலை யாருமே செய்யலை. பெட்டியில வந்ததை அப்படியே எடுத்துக் குடுத்துட்டாங்க. நட்டு இவ்ளோ உயரத்துல நின்னா எஃப் கார்டு எப்படிப் பிடிக்கறது? அது முதல் ஃப்ரெட்லதானே வருது... எனக்கே முடியாது."

சின்ன அரத்தால் நட்டைத் தேய்த்தார். கழுத்துத் தண்டைக் கால் சுற்றுத் திருகினார். பிரிட்ஜை இறக்கினார். புதுக் கம்பி. முக்கால் மணி நேரம், கம்பியோடு சேர்த்து 1,200 ரூபாய்.

மட்டமான ஸ்பீக்கர் வாங்கினால் ஸ்பீக்கரைத் திட்டுவோம். மட்டமான மிக்ஸி வாங்கினால் மிக்ஸியைத் திட்டுவோம். வாத்தியம் மட்டும் அப்படி இல்லை. அதில் கோளாறு இருந்தால், கற்றுக்கொள்கிறவன் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறான். பதினேழு வயசுப் பையன் 'எனக்கு வராது' என்று ஒரு கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கதவில் விடாமுயற்சி லெக்சரால் ஓர் ஆணி அடித்தவன் நான். பத்திரிகையில் எழுதறவரு!

அதனால்தான் சொல்கிறேன். பதினோராயிரத்துக்கு வாங்குங்கள், தப்பில்லை. ஆனால், "இதை செட்டப் செஞ்சு குடுங்க" என்று கடையில் கேளுங்கள். செய்யவில்லை என்றால் கூடுதலாக ஆயிரமோ இரண்டாயிரமோ எடுத்து வைத்து, தெரிந்த கையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். கலருக்கும் பெயருக்கும் கொடுக்கிற காசைவிட அது நல்ல முதலீடு.

மருமகன் மறுபடி வாசித்தானா என்று கேட்பீர்கள். இல்லை. ஓசூரில் வேலை, ஷிஃப்ட். போனில் விஷயத்தைச் சொன்னேன். "விடுங்க மாமா, பழைய கதை" என்றான்.

கிடார் இப்போது அவன் தங்கையிடம். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து அவள் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "எஃப் கார்டு எப்படிடி பிடிச்சே?" என்று கேட்டான்.

"அதுவா? ரெண்டு நாள்ல வந்துடுச்சுண்ணா" என்றாள்.

அவன் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டான். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.